அமேசிங் ரேஸ் 7-ஆம் சீசன்: ராப்–ஆம்பர் எங்கே தோற்றார்கள்?

கேள்வி: அமேசிங் ரேஸ் 7-ஆம் சீசனில் எல்லோரையும்விடக் கெட்டிக்காரத்தனமாக ஆடிய ராப்–ஆம்பர் ஜோடி, கடைசியில் உசென்னா–ஜாய்ஸிடம் தோற்றது எப்படி? இறைச்சி தின்னும் டாஸ்க்கைப் பாதியில் விட்டும் வெளியேறாமல் தப்பித்தது விதிப்படி சரியா? மூடிய விமானக் கதவைத் திறந்து இன்னொரு ஜோடியை ஏற்றியது நியாயமா?

பதில்:

சுருக்கமான விடை முதலில். இறைச்சி டாஸ்க்கை விட்டதில் விதிமீறல் எதுவும் இல்லை. விமானக் கதவு திறந்ததிலும் இல்லை. அந்தக் கதவு திறந்ததால் உசென்னா–ஜாய்ஸுக்குக் கிடைத்தது சமநிலை மட்டும்தான். வெற்றி அதற்குப் பிறகு மயாமியில்தான் தீர்மானமானது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "கதவு மட்டும் திறக்காமல் இருந்திருந்தால்" என்ற வாதம் இத்தனை ஆண்டுகளாக ஓய்ந்தபாடில்லை.

விரிவாகப் பார்ப்பதற்கு முன், பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. எலிஸ் டோகனியேரியும் பெர்ட்ராம் வான் மன்ஸ்டரும் உருவாக்கிய இந்தப் பந்தயம் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 2001 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. தொகுப்பாளர் ஃபில் கியோகன். நம் ஊரில் ஏஎக்ஸ்என் சேனலில் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். 7-ஆம் சீசன் 2005 மார்ச் 1 முதல் மே 10 வரை ஒளிபரப்பானது. இருவர் இருவராக 11 அணிகள், மொத்தம் 12 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் லெக் என்பார்கள்; பெரும்பாலான லெக்கில் கடைசியாக வரும் அணி வெளியேறும். கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் கிளம்பி, பெரு, சிலி, அர்ஜென்டினா, தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, இந்தியா, துருக்கி, இங்கிலாந்து, ஜமைக்கா, போர்ட்டோ ரிக்கோ வழியாக ஃபுளோரிடாவில் முடிந்தது. பரிசு 10 லட்சம் டாலர்.

ராப் மரியானோவும் ஆம்பர் பிர்கிச்சும் இந்த நிகழ்ச்சிக்கு வரும்போதே நட்சத்திரங்கள். 2004-ல் சர்வைவர் ஆல்-ஸ்டார்ஸ் சீசனில் ஆம்பர் முதலிடம், ராப் இரண்டாமிடம். (தமிழில் 2021-ல் அர்ஜுன் நடத்தினாரே, அதே சர்வைவரின் அமெரிக்க மூலம்.) முடிவு அறிவித்த மேடையிலேயே ராப் திருமணத்துக்குக் கேட்டார், அமேசிங் ரேஸ் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த 2005 ஏப்ரலில் கல்யாணமும் முடிந்தது. ஆகவே மற்ற அணிகளுக்கு முதல் நாளிலிருந்தே இவர்கள்மேல் எரிச்சல். ஏற்கெனவே ஒரு மில்லியன் வாங்கிய வீட்டுக்கு இன்னொரு மில்லியன் எதற்கு என்பது ஒன்று. போகும் இடத்தில் ரசிகர்கள் அடையாளம் கண்டு உதவுகிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவது புகாரில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பெருவிலும் ஆப்பிரிக்காவிலும் அவர்களுக்குக் கிடைத்த உதவியில் பெரும்பகுதி, புகழால் வந்ததைவிட, கேட்கத் தெரிந்ததால் வந்தது.

உசென்னா–ஜாய்ஸ் ஆகூ தம்பதி அதற்கு நேர் எதிர். என்ரான், வோர்ல்ட்காம் நிறுவனங்களின் வீழ்ச்சியில் வேலை போனவர்கள். குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் பணம் தேவை என்று சொல்லி வந்தவர்கள். மூன்றாமிடம் பெற்ற ரான்–கெல்லியில் ரான் யங், 2003 ஈராக் போரில் சிறைபிடிக்கப்பட்டு மீண்ட ஹெலிகாப்டர் விமானி. கெல்லி அழகிப் போட்டிகளில் பட்டம் வென்றவர்.

இனி, இந்தப் பந்தயத்தில் நேரம் எப்படிக் கணக்காகிறது என்பதற்கு வருவோம். இது புரியாமல் ராப் செய்தது எதுவும் புரியாது.

ஒவ்வொரு லெக்கும் பிட் ஸ்டாப் என்ற ஓய்விடத்தில் முடியும். அங்கே பொதுவாக 12 மணி நேரம் கட்டாய ஓய்வு. மாலை 4:10-க்கு வந்த அணி மறுநாள் அதிகாலை 4:10-க்குக் கிளம்பும். 5:30-க்கு வந்த அணி 5:30-க்கு. காகிதத்தில், முன்னால் வந்தவருக்கு அந்த 80 நிமிடம் அப்படியே கையில் இருக்கிறது. நடப்பில் இருக்காது. அதிகாலை 4 மணிக்குக் கிளம்பிய அணி விமான நிலையத்துக்குப் போனால் டிக்கெட் கவுன்ட்டர் திறந்திருக்காது. விமானம் 9 மணிக்குத்தான். முன்னால் வந்தவரும் பின்னால் வந்தவரும் அதே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். காலை 8 மணிக்குத் திறக்கும் கோட்டை, ஒரு நாளைக்கு ஒரே ஒரு பேருந்து என்று தயாரிப்பாளர்களும் வேண்டுமென்றே இடையிடையே தடை வைப்பார்கள். அணிகள் பிரிந்து போய்விட்டால் நிகழ்ச்சியில் சுவாரஸ்யம் இருக்காது, படப்பிடிப்புக் குழுவாலும் சமாளிக்க முடியாது.

அதனால் முன்னிலையைச் சேமித்து வைக்க முடியாது. முதல் 11 லெக்கிலும் ஒரே ஒரு கேள்விதான்: கடைசி ஆளாக வராமல் இருக்கிறோமா? முதலாவது வந்தாலும் கடைசிக்கு முந்தியதாக வந்தாலும் அடுத்த விமான நிலையத்தில் எல்லோரும் ஒன்றுதான். 12-ஆம் லெக்கில் மட்டும் கேள்வி தலைகீழாகிறது: முதலாவதாக வருகிறோமா? ஒரே சீசனுக்குள் இப்படி இரண்டு வேறு ஆட்டங்கள் இருக்கின்றன. ராப் முதல் ஆட்டத்தில் மேதை. அந்த மேதைமைக்கு இரண்டாவது ஆட்டத்தில் அவ்வளவு வேலை இல்லை.

3-ஆம் லெக்கின் இறைச்சி விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். அர்ஜென்டினாவின் மெண்டோசா. ரோட் பிளாக் என்பது அணியில் ஒருவர் மட்டுமே செய்ய வேண்டிய டாஸ்க். யார் செய்வது என்பதை, வேலை என்னவென்று முழுதாகத் தெரிவதற்கு முன்பே, ஒரு வரிக் குறிப்பை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டும். முடிவெடுத்த பிறகு ஆள் மாற்ற முடியாது. (ஒருவரே எல்லா ரோட் பிளாக்கையும் செய்துவிடாதபடி, ஒரு நபருக்கு 6 என்ற உச்சவரம்பு 6-ஆம் சீசனில் வந்தது.) அன்றைய வேலை, தணலில் சுட்ட 4 பவுண்டு இறைச்சியைத் தின்று முடிப்பது. விலா எலும்போடு ரத்தத் தொத்திறைச்சி, சிறுநீரகம், குடல் போன்றவையும் தட்டில் உண்டு.

4 பவுண்டு என்றால் சுமார் 1.8 கிலோ. ஒரு பிளேட் மட்டன் சுக்காவில் 180 கிராம் கறி இருக்கும் என்று வைத்தால் பத்து பிளேட், சோறு கிடையாது, ஒரே ஆள். வயிறு சிரமமில்லாமல் கொள்ளும் அளவு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர். புரதமும் கொழுப்பும் சேர்ந்த உணவு வயிற்றை விட்டு இறங்க மணிக்கணக்கில் ஆகும். தொடங்கி இருபது நிமிடத்தில் "போதும்" என்று மூளை சொல்லத் தொடங்கிவிடும். அதனால் இப்படிப்பட்ட டாஸ்க்கில் எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குவார்கள். முதல் அரைக் கிலோ வேகமாக இறங்கும், அதைப் பார்த்து மொத்தத்துக்கும் கணக்குப் போட்டு, முடித்துவிடலாம் என்று நம்புவார்கள். இரண்டாவது பாதிக்கு முதல் பாதியைப்போல் பல மடங்கு நேரம் பிடிக்கும். நல்ல சதையை முதலில் தின்றுவிட்டுக் குடலையும் சிறுநீரகத்தையும் கடைசிக்கு வைப்பது இன்னொரு தவறு. பசி இருக்கும்போதே அதை முடித்திருக்க வேண்டும்.

ராப் கொஞ்சம் தின்று பார்த்தார், முடியாது என்று தெரிந்ததும் நிறுத்தினார். ரோட் பிளாக்கைக் கைவிட்டால் 4 மணி நேரத் தண்டனை. விதியில் எழுதியிருப்பது அவ்வளவுதான்; கைவிட்டால் நேரடி வெளியேற்றம் என்று எங்கும் இல்லை. தனியாக 4 மணி நேரம் உட்கார்ந்தால் அநேகமாகக் கடைசி இடம்தான். ஆனால் அந்த 4 மணி நேரத்தை மற்றவர்களின் நேரத்தோடு ஒப்பிட்டுத்தான் எடை போட வேண்டும். பின்னால் வருகிறவரும் அதே தண்டனையை ஏற்றுக்கொண்டால், நம் தண்டனை அவரைப் பொறுத்தவரை பூஜ்யம். ராப் அதைத்தான் செய்தார். தின்னத் திணறிக்கொண்டிருந்தவர்களிடம் பேசிப் பேசியே, ரே–டியானா அணியையும் மூத்த தம்பதியான மெரடித்–கிரெட்சனையும் கைவிட வைத்தார்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். மூன்று அணிகள் ஒரே தண்டனையில் இருந்தால், யாருமே பின்னால் இல்லாவிட்டாலும் அந்த மூன்றில் ஒன்றுதான் வெளியேறும்; முதலில் வந்து முதலில் கைவிட்டவர் அந்த ஒன்றாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அதாவது ராப் தேடியது தனக்குப் பின்னால் நிற்க இரண்டு அணிகளை. அதற்கு மேல் ஓர் அதிர்ஷ்டமும் சேர்ந்தது. முன்னணியில் போய்க்கொண்டிருந்த டெபி–பியாங்கா காரில் தவறான திசையில் போய் நேரத்தைத் தொலைத்திருந்தார்கள். அன்று வெளியேறியது அவர்கள்தான். கைவிட்ட மூன்று அணியும் தப்பித்தன. வழி தவறுவது இந்தப் பந்தயத்தில் எவ்வளவு பெரிய குற்றம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்: டாஸ்க்கைச் செய்யாமல் 4 மணி நேரம் சும்மா உட்கார்ந்தவர்கள் பிழைத்தார்கள், தவறான சாலையில் வண்டி ஓட்டியவர்கள் போனார்கள்.

நியாயமா என்றால், விதிப்படி முழுக்க நியாயம். ரசிகர்களில் ஒரு பகுதி இதை ஏமாற்று வேலை என்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாருடைய தட்டிலிருந்தும் ராப் எதையும் எடுக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. மற்ற இரண்டு அணிகளுக்கும் அது கெட்ட யோசனையும் அல்ல. தின்று முடிக்க முடியாது என்றால் அவர்களும் எப்படியும் அந்தத் தண்டனையைத்தான் வாங்கியிருப்பார்கள். சீசனிலேயே அறிவாளித்தனமான நகர்வு இதுதான்.

பெருவில் பேருந்து ஓட்டுநருக்குப் பணம் கொடுத்துப் பின்கதவைத் திறக்காமல் பார்த்துக்கொண்டு, முன்கதவு வழியாகத் தாங்கள் முதலில் இறங்கியதும் இதே ரகம்தான். கிடைத்த லாபம் சில நிமிடம். ஆனால் ஒரு சமயத்தில் இத்தனை பேர்தான் செய்யலாம் என்று வரம்பு உள்ள டாஸ்க் அடுத்து வந்தால், வரிசையில் முதல் ஆளாக நிற்பதற்கு அந்தச் சில நிமிடம் போதும். உள்ளூர்க்காரர் ஒருவரை டாக்ஸியில் கூடவே ஏற்றிக்கொண்டு சுற்றியதும் ராபின் பழக்கம். மற்ற அணிகள் ஒவ்வொரு முக்கிலும் இறங்கி வழி கேட்டுக்கொண்டிருந்தபோது, இவர்கள் வழியையும் மொழியையும் ஒரே ஆளாக விலைக்கு வாங்கி வைத்திருந்தார்கள். ஆப்பிரிக்க லெக்கில் பிரையன்–கிரெக் சகோதரர்களின் வண்டி கவிழ்ந்து ஒளிப்பதிவாளருக்குக் காயம் பட்டபோது, இந்த ஜோடி நிற்காமல் கடந்து போனதும் பெரிய சர்ச்சையானது. விதியில் நிற்கச் சொல்லவில்லை. ஆனால் அங்கே விதி இருக்கிறதா இல்லையா என்று யோசித்திருக்க வேண்டியதில்லை என்பதே பலரின் கருத்து, என் கருத்தும்.

இந்திய லெக்குகளுக்கு வருவோம். முதலில் லக்னோ, அடுத்து ஜோத்பூர். ஜோத்பூரில் ஃபாஸ்ட் ஃபார்வர்ட் இருந்தது. அதைச் செய்து முடிக்கும் அணி, அந்த லெக்கின் மற்ற வேலைகள் எல்லாவற்றையும் தாண்டி நேராகப் பிட் ஸ்டாப்புக்குப் போகலாம். ஒரு லெக்கில் ஓர் அணிக்குத்தான். ஓர் அணி மொத்தப் பந்தயத்திலும் ஒரு முறைதான் பயன்படுத்தலாம். முதல் நான்கு சீசன்களில் ஏறக்குறைய எல்லா லெக்கிலும் ஒன்று இருந்தது. 5-ஆம் சீசனிலிருந்து அரிதாக்கிவிட்டார்கள். அதில் உள்ள அபாயம், இரண்டு அணிகள் அதைத் தேடிப் போனால் இரண்டாவதாக வந்தவர் வெறுங்கையோடு திரும்பி எல்லா வேலையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

அன்றைய ஃபாஸ்ட் ஃபார்வர்ட், இருவரும் மொட்டை போட்டுக்கொள்வது. பழனிக்கும் திருப்பதிக்கும் குடும்பத்தோடு போய் மொட்டை போட்டு வருகிற நமக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது. முடி வளர மாதக்கணக்கில் ஆகும் என்று தெரிந்தும், அமெரிக்கா முழுக்கப் பார்க்கும் நிகழ்ச்சியில், வேண்டுதல் எதுவும் இல்லாமல் ஒரு பெண் அதற்கு உட்காருவது வேறு கதை. உசென்னா ஏற்கெனவே முடியை ஒட்ட வெட்டியவர். விலை முழுவதையும் கொடுத்தது ஜாய்ஸ்தான். கொஞ்சம் தயங்கினார், பிறகு சம்மதித்தார். வேறு அணி எதுவும் அதைச் செய்யத் துணியாது என்பதுதான் அந்த ஃபாஸ்ட் ஃபார்வர்டின் உண்மையான மதிப்பு. போட்டி இல்லாத ஃபாஸ்ட் ஃபார்வர்டில் அபாயமும் இல்லை.

இஸ்தான்புல், லண்டன் லெக்குகளில் நல்ல டாஸ்க்குகள் உண்டு. லண்டனில் மாடிப் பேருந்தை ஓட்டிக் காட்டுவது பார்க்க நன்றாக இருக்கும். உங்கள் கேள்விக்கு அவை அவ்வளவாக உதவாது என்பதால் ஜமைக்காவுக்குப் போய்விடலாம்.

ஜமைக்கா லெக்கில் உசென்னா–ஜாய்ஸ் கடைசியாக வந்தார்கள். அது யாரையும் வெளியேற்றாத லெக். ஒரு சீசனில் சில லெக்குகள் இப்படி இருக்கும். எவை என்று அணிகளுக்கு முன்கூட்டியே தெரியாது. ஆனால் தப்பித்ததற்கு விலை உண்டு. 5-ஆம் சீசனிலிருந்து, கையில் உள்ள பணம் முழுவதையும் வாங்கிக்கொண்டு அடுத்த லெக்குக்கான பணத்தையும் தர மாட்டார்கள். 7-ஆம் சீசனில் இன்னும் கடுமையாக்கி, கடவுச்சீட்டையும் உடுத்தியிருக்கும் துணியையும் தவிர எல்லாவற்றையும் பிடுங்கினார்கள். (இதைத் தெரிந்துகொண்ட பிந்தைய அணிகள், கடைசியாக வருகிறோமோ என்ற பயம் வந்தால், பையில் உள்ள துணியை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு பிட் ஸ்டாப்புக்குள் நுழையத் தொடங்கின. 10-ஆம் சீசனில் இந்தத் தண்டனையை, அடுத்த லெக்கில் முதலாவதாக வராவிட்டால் 30 நிமிடத் தாமதம் என்று மாற்றினார்கள். 12-ஆம் சீசனிலிருந்து ஸ்பீட் பம்ப் என்ற கூடுதல் வேலை வந்தது.) அதனால் இறுதி லெக்கை அந்தத் தம்பதி ஒரு காசு இல்லாமல் தொடங்கினார்கள். டாக்ஸிக்கு ஜமைக்கா மக்களிடம் கை நீட்ட வேண்டி வந்தது.

பணம் இல்லாவிட்டாலும் விமானம் ஏற முடியும் என்பதைக் கவனிக்க வேண்டும். விமான டிக்கெட்டுக்கு மட்டும் நிகழ்ச்சியே ஒரு கிரெடிட் கார்டு தந்தது. எகானமி வகுப்பு மட்டும்தான். டாக்ஸி, சாப்பாடு, நுழைவுக் கட்டணம் எல்லாம் கையில் உள்ள ரொக்கத்தில்.

திரையில் சரியாகத் தெரியாத ஒரு விவரம் இங்கேதான் முக்கியமாகிறது. ஒவ்வோர் அணியோடும் ஓர் ஒளிப்பதிவாளரும் ஓர் ஒலிப்பதிவாளரும் கூடவே போகிறார்கள். அவர்கள் இல்லாமல் அணி நகர முடியாது. ஆகவே விமானத்தில் தேவைப்படுவது இரண்டு இருக்கை அல்ல, நான்கு. "இரண்டு சீட் இருக்கிறது" என்று கவுன்ட்டரில் சொன்னால் அது இல்லை என்று சொன்னதற்குச் சமம். காத்திருப்போர் பட்டியலில் மூன்று பேருக்கு இடம் கிடைத்து நான்காமவருக்குக் கிடைக்காவிட்டாலும் அணி தரையில்தான்.

இந்தப் பந்தயத்தில் டிக்கெட் எடுப்பதே தனிக் கலை. நன்றாக ஆடும் அணிகள் செய்வது ஏறக்குறைய இப்படி இருக்கும். விமான நிலையத்துக்கு ஓடுவதற்கு முன் பயண முகவர் அலுவலகமோ தொலைபேசியோ கிடைக்குமா என்று பார்ப்பார்கள், ஏனென்றால் ஒரு விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில் இருப்பவர் பெரும்பாலும் தன் நிறுவனத்தின் விமானத்தை மட்டுமே சொல்வார். "அடுத்த விமானம் எப்போது" என்று கேட்க மாட்டார்கள், "முதலில் போய்ச் சேருவது எது" என்று கேட்பார்கள். இரண்டும் பல சமயம் வேறு வேறு. பிறகு கிடைத்ததை உறுதி செய்து கையில் வைத்துக்கொண்டு, அதைவிட நல்லதைத் தேடுவார்கள். இணைப்பு விமானம் என்றால் இடைவெளி எத்தனை நிமிடம் என்பதையும், முதல் விமானம் தாமதமானால் மாற்று உண்டா என்பதையும் கேட்பார்கள். எல்லாம் முடிந்த பிறகும் வாசல்வரை போய், காலியாக இருக்கும் முந்தைய விமானத்தில் நான்கு பேருக்கு இடம் கேட்பார்கள். பெரும்பாலான அணிகள் டிக்கெட் கையில் வந்ததும் தேடுவதை நிறுத்திவிடும். கோட்டை விடுவது அங்கேதான்.

சான் ஹுவானிலிருந்து மயாமி போகும்போது நடந்தது அந்தக் கடைசிப் படிதான். ராப்–ஆம்பர் முந்தைய விமானத்தில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள். உசென்னா–ஜாய்ஸ் வாசலுக்கு வந்தபோது ஏறுவது முடிந்திருந்தது. அவர்கள் கெஞ்சினார்கள். ஊழியர் விமானத்தோடு பேசினார், விமானியின் சம்மதத்தோடு ஏறு பாலம் மறுபடி இணைந்தது, கதவு திறந்தது, நான்கு பேர் உள்ளே போனார்கள். ரான்–கெல்லிக்கு அடுத்த விமானம்தான். அந்த நொடியிலேயே அவர்களுடைய பந்தயம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

கதவைத் திறப்பது அவ்வளவு எளிதா? வழக்கமாக இல்லை. கதவு மூடுவதற்கு முன் பயணிகள் எண்ணிக்கையும் எடையும் கணக்கில் ஏறி, ஆவணங்கள் முடிந்துவிடுகின்றன. திரும்பத் திறந்தால் அவற்றைத் திருத்த வேண்டும், புறப்பாடு தாமதமானால் நிறுவனத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அதனால்தான் வாசல் ஊழியர்கள் முதலில் "முடியாது" என்கிறார்கள். ஆனால் விமானம் இன்னும் பின்னால் நகரத் தொடங்காமல், இருக்கையும் காலியாக இருந்தால், கேப்டன் ஒப்புக்கொண்டால் செய்யக்கூடிய காரியம்தான். சட்டம் தடுப்பதில்லை, நடைமுறைதான் தடுக்கிறது. பந்தய விதியில், விமானத்தில் இடம் கேட்டுப் பேசக்கூடாது என்று எதுவும் இல்லை. பேருந்து ஓட்டுநரிடம் பேசிப் பின்கதவை மூடி வைக்கலாம் என்றால், விமானியிடம் பேசிக் கதவைத் திறக்க வைக்கவும் செய்யலாம். முன்னதைச் சாமர்த்தியம் என்று ரசித்துவிட்டுப் பின்னதை அநியாயம் என்று சொல்ல முடியாது.

இப்போது மயாமி. இரண்டு அணியும் ஒரே விமானத்தில் இறங்கியாயிற்று. கையில் பணம் உள்ள அணி ஒன்று, இல்லாத அணி ஒன்று. இது 12-ஆம் லெக். இனி திறக்காத கவுன்ட்டரும் இல்லை, காத்திருக்க வைக்கும் பேருந்தும் இல்லை. இழந்த 10 நிமிடத்தை எந்தத் தடையும் திருப்பித் தராது. பேசி உடன் இழுத்துக்கொள்ள மூன்றாவது அணியும் பக்கத்தில் இல்லை. ராபின் கருவிகள் எல்லாம் "நம்மைவிட மோசமாக ஒருவர் இருந்தால் போதும்" என்ற ஆட்டத்துக்கானவை. இரண்டு பேர் மட்டும் ஓடும் நேர் ஓட்டத்தில் மிஞ்சுவது டாக்ஸி ஓட்டுநரின் வழி ஞானம்தான். லிட்டில் ஹவானா பகுதியில் ஒரு சுருட்டுக் கடையைக் கண்டுபிடித்து அடுத்த க்ளூவை வாங்க வேண்டும். வழித் தேடலில் ராப்–ஆம்பர் பின்தங்கினார்கள். ஊர் ஊராக உள்ளூர்க்காரரை விலைக்கு வாங்கி ஜெயித்தவர்களுக்கு, சொந்த நாட்டு நகரத்தில் சரியான ஆள் அமையவில்லை.

முடிவுக் கோடு ஃபோர்ட் லாடர்டேலில் உள்ள பொன்னெட் ஹவுஸ். உசென்னா–ஜாய்ஸ் அங்கே வந்து இறங்கியதும் ஓடிப்போய்க் கோட்டைத் தொடவில்லை. டாக்ஸிக்குக் கொடுக்கப் பணம் போதவில்லை. டாக்ஸிக் கட்டணத்தைத் தீர்க்காமல் வந்தால் திரும்பிப் போய்த் தீர்த்துவிட்டு வரச் சொல்வார்கள் என்பது பழைய அணிகளுக்கு நேர்ந்ததிலிருந்து எல்லோருக்கும் தெரியும். ஆனால் 10 லட்சம் டாலர் சில அடி தூரத்தில் இருக்கும்போது, பின்னால் ராப் எந்த நொடியும் வரலாம் என்ற நிலையில், நின்று தெருவில் போகிறவர்களிடம் காசு கேட்டு, முழுவதையும் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே ஓடினார்கள். ஓட்டுநர் போங்கள் என்று விட்டிருந்தால் விதிச் சிக்கல் இருந்திருக்காது என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி ஓடியிருந்தால் பந்தயமே சர்ச்சையில் முடிந்திருக்கும். நின்று கொடுத்தது நல்ல குணம் மட்டுமில்லை, சரியான ஆட்டமும்கூட.

மறுபடி பார்க்க நினைத்தால், முழு சீசனும் வேண்டாம் என்றால் மூன்றாவது எபிசோடையும் இறுதி எபிசோடையும் அடுத்தடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு 2007-ன் ஆல்-ஸ்டார்ஸ், அதாவது 11-ஆம் சீசன். இரண்டு ஜோடியும் அதில் திரும்ப வந்தார்கள். ராப்–ஆம்பர் முதல் மூன்று லெக்கையும் வரிசையாக வென்றார்கள், நான்காவதில் கடைசியாக வந்து வெளியேறினார்கள். மூன்று வெற்றியில் ஒரு நிமிடத்தைக்கூட நான்காவதுக்குக் கொண்டு போக முடியவில்லை. உசென்னா–ஜாய்ஸ் அதில் இன்னும் வெகுதூரம் போனார்கள். அவர்களைக் கடைசியில் வெளியேற்றியது எந்த டாஸ்க்கும் இல்லை, தவறவிட்ட ஓர் இணைப்பு விமானம்.